செங்கல்லுக்கு முன்னால் ஓர் அட்டை வீடு!

நாமகிரிப்பேட்டை என்றதும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். இன்னொன்று, மஞ்சள். ஏலத்தில் மஞ்சளுக்கு நல்ல விலை கிடைத்த வருஷம் என்றால், இந்தப் பக்கத்து வீடுகளில் மூன்றாவதாக ஒரு பேச்சும் கிளம்பும். “பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சுப்போட்டு, மாடி வெச்சுக் கட்டிப்போடலாமா?”

இன்ஜினியர் வருவார். டேப் பிடித்து மனையை அளப்பார். சில நாளில் ‘பிளான்’ வந்துவிடும். அதைக் கட்டிலில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் செம்பு, ஒரு மூலையில் செல்போன், ஒரு மூலையில் சாவிக்கொத்து வைத்துவிட்டுக் குடும்பமே சுற்றி நிற்கும். அப்புறம்? மகன் தலையாட்டுவார். மருமகள், “பாத்ரூம் எங்க?” என்பார். அப்பா ஈசானி மூலையைப் பற்றி மட்டும் கேட்பார். அப்பத்தாவிடம் கேட்டால், “நல்லாத்தான் இருக்குது சாமி” என்பார். அவர் பார்த்தது பிளானை அல்ல, பேரனின் முகத்தை!

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பிளான் படிப்பது என்பது தனிப் பயிற்சி. வீட்டைத் தரையிலிருந்து மூன்று, நான்கு அடி உயரத்தில் கத்தியால் குறுக்கே வெட்டி, மேல்பாதியைத் தூக்கிவிட்டு, வானத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிவதுதான் பிளான். வாழ்நாளில் யாரும் தன் வீட்டை அப்படிப் பார்த்ததில்லை. அந்தக் கோடுகளிலிருந்து ஜன்னல் வெளிச்சத்தையும் படிக்கட்டின் உயரத்தையும் மனதில் எழுப்பத்தான் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் 5 வருஷம் படிக்கிறார்கள். அடுப்படியில் நாளெல்லாம் நிற்கப்போகிறவரோ, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சம்மதத்தின் மேல்தான் நகையும் சேமிப்பும் பேங்க் கடனும் ஏறி உட்காருகின்றன.

பழைய தொட்டிக்கட்டு வீடுகளுக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஆசாரம் எங்கே, தொட்டி எங்கே, தானியம் வைக்கும் அறை எங்கே என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டைக் காட்டி, “இதே மாதிரி, இன்னும் ரெண்டடி அகலமா” என்றால் மேஸ்திரிக்குப் புரிந்துவிடும். பக்கத்து வீடுதான் மாடல்! இன்றைக்கு ஒவ்வொரு மனைக்கும் ஒரு புதுப் பிளான். கட்டி முடித்த பிறகுதான் அது எப்படி இருக்கிறது என்றே தெரிகிறது.

நடுவில் ஒரு படியை வைக்கலாம். அதற்குத் தேவை ஒரு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி, ஸ்டீல் ஸ்கேல், கட்டர், கொஞ்சம் குண்டூசி.

கால் அங்குலம் = ஓர் அடி

ஆர்க்கிடெக்டுகளின் ஆபீஸில் இரண்டு வகை மாடல்கள் இருக்கும். ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டி மரங்களும் காரும் விளக்குமாகப் பளபளக்கும். அது ஃபிளாட் விற்பதற்கு. இன்னொன்று, ஓரம் பிய்ந்து, பென்சில் கோடும் பசைக் கறையுமாகக் கிடக்கும். அதுதான் யோசிப்பதற்கு. சுவரைப் பிடுங்கி நகர்த்துவார்கள், ஜன்னலை வெட்டிப் பார்ப்பார்கள், பிடிக்காவிட்டால் அட்டை கொண்டு மூடுவார்கள். வீடு கட்டுகிற குடும்பத்துக்குத் தேவை இந்த அழகில்லாத இரண்டாவது ரகம்தான்.

கணக்கு சுலபம். ஓர் அடியைக் கால் அங்குலமாகச் சுருக்கினால் 30-க்கு 40 மனை, ஏழரை அங்குலத்துக்குப் பத்து அங்குலம் ஆகிவிடும். பெரிய நோட்டுப் புத்தகம் அளவு. அசலில் 48-ல் ஒரு பங்கு. இந்த அளவில் ஒரு வசதியும் கூடவே வருகிறது. 9 அங்குலச் செங்கல் சுவரை 48-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஃபோம் போர்டும், ஃபிரிட்ஜ் வரும் தடித்த பெட்டியின் அட்டையும் சுமார் அதே கனம்தான். நாலரை அங்குலத் தடுப்புச் சுவருக்குச் சாதாரண கூரியர் பெட்டி அட்டை போதும். ஐந்தரை அடி ஆள் என்பது ஒன்றே கால் அங்குலத்துக்குச் சற்று மேல். தீக்குச்சியை ஒடித்து நிறுத்தினால் ஆள் தயார்.

இன்ஜினியர் கொடுத்த பிளான் 1:100 அளவில் இருக்கிறதா? ஜெராக்ஸ் கடையில் இரண்டு மடங்கு பெரிதாக்கச் சொன்னால் 1:50 ஆகிவிடும். கால் அங்குலக் கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தத் தாளை ஓர் அட்டையில் ஒட்டி, சுவர்க் கோடுகளின் மேலேயே அட்டைச் சுவர்களைக் குண்டூசியால் நிறுத்திக்கொண்டு போக வேண்டியதுதான். பசை வேண்டாம். பசை காய்ந்த சுவரை மாற்ற யாருக்கும் மனசு வராது.

எட்டாவது படிக்கிற பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்துவிடும். மொபைலை ஒரு நாள் ஓரமாக வைக்கவும் இது ஒரு வழி என்று பெற்றோர் சந்தோஷப்படலாம். (மொபைலுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது, பின்னால் வரும்.)

இப்போது அதே அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். விளக்கம் சொல்லவே வேண்டாம். “அடுப்படியில நின்னா வாசல்ல யாரு வர்றாங்கன்னே தெரியாதே?” என்று அவரே ஆரம்பித்துவிடுவார். “மழை வந்தா காயப்போட்ட மஞ்சளை எந்த வழியாத் தூக்கிட்டு ஓடியாறது?” என்பார். பிளானைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாதவருக்கு, மாடலைப் பார்த்ததும் பத்துக் கேள்வி இருக்கும்.

மாடல் அம்பலப்படுத்தும் விஷயங்களில் முதலிடம் படிக்கட்டுக்கு. பிளானில் படிக்கட்டு என்பது வரிவரியாகச் சில கோடுகள், அவ்வளவுதான். மாடி 10 அடி உயரத்தில் என்றால், 6⅔ அங்குலப் படிகள் 18 வேண்டும். 9 படி ஏறித் திரும்பும் இடத்தில் லேண்டிங். அதன் உயரம் சரியாக 5 அடி. ‘லேண்டிங்குக்குக் கீழே இடம் சும்மாதானே இருக்கு’ என்று அங்கே ஒரு கழிப்பறையைப் போடுவது பல வீடுகளில் வழக்கம். பிளானில் அது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால், 5 அடியில் கான்கிரீட் கனத்தைக் கழித்தால் மிஞ்சுவது நாலரை அடிதான். மாடலில் தீக்குச்சி ஆளை அங்கே நிறுத்தப் போனால் தலை இடிக்கும். அட்டையில் இடித்தால் படியை இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட் போட்டபிறகு இடித்தால் காலம் பூராவும் குனிந்துதான் போக வேண்டும்.

வாசல் கேட்டும் அப்படித்தான். அட்டையில் வெட்டிய மினி லாரி ஒன்றைக் கேட்டுக்குள் விட்டுப் பாருங்கள். திரும்புமா, சுற்றுச்சுவரை இடிக்குமா என்று அப்போதே தெரியும். லாரிக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லிலே ஒரு குடிசை

பெரிதைக் கட்டுவதற்கு முன் சிறிதாகச் செய்து பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களை டூர் போன எல்லோரும் பார்த்திருப்பார்கள். 7-ம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தவை. ஐந்தும் ஒன்றுபோல் இருக்காது. திரௌபதி ரதத்தின் கூரை, வைக்கோல் வேய்ந்த குடிசை மாதிரியே இருக்கும். பீம ரதம் நீண்ட வண்டிக்கூண்டு போன்ற கூரை கொண்டது. நகுல சகதேவ ரதம், படுத்திருக்கும் யானையின் முதுகு போல வளைந்த ‘தூங்கானை மாடம்’. தர்மராஜ ரதமோ அடுக்கடுக்காக உயரும் விமானம். மரத்திலும் ஓலையிலும் கட்டிவந்த வடிவங்களைக் கல்லில் செய்து பார்த்த மாதிரிகள் இவை என்ற கருத்து நெடுங்காலமாக உண்டு. பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது அந்தக் கருத்தை மறுக்கத் தோன்றாது.

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது விமானத்தை நிமிர்ந்து பாருங்கள். ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் வரிசையாகக் குட்டிக் கோயில்கள் நிற்கும். சதுரமானவை கூடம், நீளமானவை சாலை, நடுநடுவே பஞ்சரம். அதாவது ஒரு பெரிய கோயிலை, சுருக்கிய பல கோயில்களை அடுக்கியே உருவாக்கியிருக்கிறார்கள் நம் ஸ்தபதிகள். அளவைச் சுருக்கி வடிவத்தைக் காப்பாற்றுவது அவர்களுக்குக் கைவந்த கலை.

அந்த மரபில் வந்தவர்தான் வை.கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரிக் கடலில் பீடத்தோடு சேர்த்து 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவர் சிலை அவருடைய வடிவமைப்பு. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. கல்லில் உளி படுவதற்கு முன் மரத்தில் ஒரு மாதிரி செய்து, உடலின் நடுக்கோடு எப்படி இறங்குகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். வள்ளுவரின் இடுப்பில் இருக்கும் அந்த லேசான வளைவு அவ்வளவு பெரிய கல் உருவத்தில் சரியாக விழ வேண்டுமே! கிட்டத்தட்ட ஐந்து வருஷம் கழித்துச் சுனாமி வந்தபோதும் சிலை அசையவில்லை.

வடக்கே சண்டிகரில் 1950-களில் ஒரு புது நகரமே எழுந்தபோதும் இதே கதைதான். பிளான் போட்டவர் உலகப் புகழ்பெற்ற லெ கொர்பூசியே. அவருக்கும் அவருடைய உறவினர் பியர் ஜான்னரேவுக்கும் மரத்தில் மாதிரிகளைச் செதுக்கிக் கொடுத்தவர் கியானி ரத்தன் சிங். கட்டடங்களைப் பற்றிப் பேசும் புத்தகங்களில் முதல் இரண்டு பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். மூன்றாவது பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கையால் வேலை செய்பவர்களுக்கு வழக்கமாக நடப்பது!

நடைபாதைப் பெண்கள் கட்டிய வீடு

ஸ்தபதிகளும் ஆர்க்கிடெக்டுகளும் மாடல் செய்வது இருக்கட்டும். வீட்டில் வசிக்கப் போகிறவர்களே செய்தால் என்ன ஆகும்? அதற்கு மும்பையில் ஓர் உண்மைக் கதை இருக்கிறது. அதில் ஒரு தமிழரும் இருக்கிறார்.

ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் மும்பைக்குப் போய்க் குடிசைப் பகுதியில் வாழ்ந்து, 1970-களில் தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கினார். பிற்காலத்தில் மகசேசே விருதும் (2000) பத்மஸ்ரீயும் (2011) அவரைத் தேடி வந்தன. 2018-ல் காலமானார்.

1985-ல் நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பைகுல்லா பகுதியின் நடைபாதைகளில் ஒண்டியிருந்த பெண்களுக்கு, எந்த நேரமும் லாரி வரும் என்ற நிலை. அந்தப் பெண்கள் ‘மகிளா மிலன்’ என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். ஜோக்கினின் கூட்டமைப்பும் ‘ஸ்பார்க்’ என்ற தொண்டு நிறுவனமும் அவர்களுடன் கைகோத்தன. ‘எங்களை விரட்டாதே’ என்று கேட்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ‘எங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்’ என்று தாங்களே யோசிக்க உட்கார்ந்தார்கள்.

பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிளான் தாளைப் பார்த்ததே இல்லை. ஆனால், மிகச் சிறிய இடத்தில் ஒரு குடும்பத்தை நடத்துவது எப்படி என்பது எந்த இன்ஜினியரைவிடவும் அவர்களுக்குத்தான் தெரியும். முதலில் அட்டையில் சின்னதாகச் செய்தார்கள். பிறகு கம்புகளை நட்டு, துணியைச் சுற்றி, முழு அளவிலேயே வீட்டு மாதிரியை நிறுத்தினார்கள். உள்ளே போய் நின்றார்கள், படுத்துப் பார்த்தார்கள், அடுப்பு எங்கே, தண்ணீர்ப் பானை எங்கே என்று இடம் குறித்தார்கள்.

அப்படிச் செய்ததில் ஒரு விஷயம் தெளிவானது. தரை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, உயரம் 14 அடி வேண்டும். அப்படி இருந்தால் பாதி அறைக்கு மேலே ஒரு பரண் போடலாம். மேலே பிள்ளைகள் படுப்பார்கள், கீழே சமையல் நடக்கும். வழக்கமான அரசு வீட்டின் உயரத்தில் இது முடியாது. மேல்தளம் போடுவதைவிடச் சுவரைச் சில அடி உயர்த்துவது செலவும் குறைவு. தாளில் நீள அகலத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு உயரம் நினைவுக்கு வராது. உள்ளே நின்று பார்த்தவர்களுக்கு வந்தது.

அந்த மாதிரி வீடுகளைத் தெருவிலேயே கண்காட்சியாக வைத்தார்கள். அதிகாரிகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பேசத் தயங்கிய பெண்கள், தாங்கள் செய்த வீட்டின் முன் நின்று விளக்கம் சொன்னார்கள். இந்தக் கண்காட்சி முறை பிறகு பல நாடுகளின் குடிசைப் பகுதிகளுக்குப் பரவியது. 2001-ல் நியூயார்க்கில் ஐ.நா. சபைக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு மாதிரி வீட்டை அவர்கள் நிறுத்த, அன்றைய பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் வந்து பார்த்தார்.

வெயிலைக் கேளுங்கள்

நாமகிரிப்பேட்டைக்குத் திரும்புவோம். சேலம், நாமக்கல் பக்கத்தில் வீடு கட்டுகிற யாருக்கும் முதல் எதிரி வெயில்தான். மேற்குப் பார்த்த படுக்கையறையில் மே மாதம் தூங்கியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மாடலை எடுத்துக்கொண்டு மனைக்கே போங்கள். மொபைலில் இருக்கும் காம்பஸை வைத்து வடக்குப் பார்த்து, வீடு நிற்கப்போகும் திசையிலேயே மாடலை வையுங்கள். அசல் சூரியனே அதன் மேல் அடிக்கும். அந்த நிமிஷத்தில் அசல் வீட்டில் நிழல் எங்கே விழுமோ, அட்டை வீட்டிலும் அங்கேதான் விழும். காலை 9 மணி, பகல் 12, மாலை 4 என்று மூன்று முறை பார்த்தால் போதும்.

மாலை 4 மணிக்கு மேற்கு ஜன்னலைக் கவனியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் 2 அடி நீட்டிய சன்ஷேடு இருந்தாலும், சரிந்து வரும் வெயில் அதற்குக் கீழே புகுந்து, 4 அடி ஜன்னலில் பாதிக்கு மேல் உள்ளே வந்துவிடும். ‘சன்ஷேடு போட்டிருக்கோமே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை அட்டையில் பார்த்தால், அந்த ஜன்னலை வடக்குக்கோ தெற்குக்கோ மாற்றலாமா, இல்லை மேற்கில் வேப்பமரம் வைக்கலாமா என்று யோசிப்பார்கள்.

வடக்கு என்றதும் இன்னொரு ஆச்சரியம். ‘வடக்கு ஜன்னலில் வெயிலே வராது’ என்று பலர் நம்புகிறார்கள். டெல்லிக்கு அது கிட்டத்தட்டச் சரி. நாமகிரிப்பேட்டை இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து பதினொன்றரை டிகிரி வடக்கே. இங்கே ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒருநாள், ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி ஒருநாள், உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. இந்த இரண்டு நாள்களுக்கும் நடுவே உள்ள நான்கு மாதமும் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். கோடையில் வடக்குச் சுவரும் சூடாவது அதனால்தான். அங்கேயும் சின்னதாக ஒரு சன்ஷேடு வேண்டும்.

எல்லா மாதத்துக்கும் காத்திருக்க முடியாதவர்கள், இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பயன்படுத்தலாம். ஜூன் நண்பகலுக்கு, நேர் உச்சியிலிருந்து 12 டிகிரி வடக்கே சாய்த்து அடிக்க வேண்டும். டிசம்பருக்கு 35 டிகிரி தெற்கே. டார்ச்சை முடிந்தவரை தூரத்தில் பிடிப்பது முக்கியம். கிட்டே பிடித்தால் நிழல் விரிந்து பொய் சொல்லும்.

அட்டை சொல்லாதது

மாடலில் நின்ற பால்கனி அசலிலும் நிற்குமா? இந்தக் கேள்விக்கு மட்டும் அட்டையை நம்பக் கூடாது.

காரணத்தை 1638-லேயே கலிலியோ எழுதிவைத்துவிட்டார். ஒரு பொருளை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். தாங்கும் தூணின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். அளவு கூடக்கூட, தாங்குகிற வேலை கடினமாகிக்கொண்டே போகும். எறும்பின் கால் மெலிந்தும் யானையின் கால் தடித்தும் இருப்பது அதனால்தான். அட்டையில் 3 அங்குலம் நீட்டிய பால்கனி அசலில் 12 அடி. அதற்குக் கம்பி எத்தனை, பீம் எவ்வளவு ஆழம் என்பது இன்ஜினியரின் கணக்கு. அதில் மாடலுக்கு வேலை இல்லை.

சரியான கேள்வியைக் கேட்டால் மாடலும் கணக்குப் போடும் என்பதற்கு ஓர் அழகான உதாரணம் உண்டு. ஸ்பெயினின் பார்சிலோனாவில் வாழ்ந்த அந்தோனி கௌடி, ஒரு சர்ச்சுக்காக 1:10 அளவில் ஒரு மாதிரி செய்தார். அது நிற்கவில்லை, தொங்கியது! கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டுகள் நிரப்பிய குட்டிப் பைகளைக் கட்டினார். சுமைக்கேற்ப நூல்கள் தாமாக வளைந்து ஒரு வடிவம் எடுத்தன. அதைப் படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால் சர்ச்சின் வளைவுகள்! தொங்கும்போது இழுவையை மட்டும் தாங்கும் வடிவம், கவிழ்த்தால் அழுத்தத்தை மட்டும் தாங்கும். செங்கல்லும் கல்லும் அழுத்தத்தைத்தான் நன்றாகத் தாங்கும். இந்த வடிவத்துக்கு அளவு பெரிதானாலும் சிக்கல் இல்லை. சுமார் 10 வருஷம் இதிலேயே செலவிட்டார் கௌடி. கடைசியில் அந்தச் சர்ச்சின் அடித்தளப் பகுதி மட்டும்தான் கட்டி முடிந்தது என்பது வேறு சோகம்.

மாடலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லோரும் அதை மேலிருந்தே பார்ப்பார்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் அழகு.

தமிழ்நாட்டு மண்ணிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. புதுச்சேரியை ஒட்டி 1968-ல் தொடங்கிய ஆரோவில். பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் ரோஜர் ஆங்கெர் அதற்காக உருவாக்கிய ‘கேலக்ஸி’ மாதிரி, வானத்து நட்சத்திரச் சுழல் போல விரியும். பார்ப்பவர்கள் சொக்கிப்போவார்கள். அப்போது அந்த நிலம், மரமில்லாமல் மழையில் அரித்துக் கிடந்த செம்மண் மேடு. குடியேறியவர்கள் வருஷக்கணக்கில் மரம் நட்டார்கள். மேடு காடானது. மாதிரியில் இருந்த வட்டச் சாலை அந்தக் காட்டின் வழியாகப் போக வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் சாலைக்காக மரங்களை வெட்ட இயந்திரங்கள் வந்தபோது குடியிருப்பவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். ‘மாதிரிப்படி நகரம் வேண்டும்’ என்று ஒரு தரப்பு, ‘வளர்ந்த காட்டைப் பார்த்துத் திட்டத்தை மாற்றுங்கள்’ என்று இன்னொரு தரப்பு. விஷயம் நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பதைத் தாண்டி ஒன்று தெரிகிறது. மாதிரியை மாற்றவே கூடாத சிலையாக ஆக்கிவிட்டால், அது செய்ய வந்த வேலையையே மறந்துவிடுகிறது.

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் கதை இதற்கு நேர் எதிர். 1673-74-ல் ஓக் மரத்தில், 6 மீட்டருக்கும் மேல் நீளத்தில் ஒரு மாபெரும் மாதிரி செய்தார். ஒரு வீடே கட்டியிருக்கலாம், அவ்வளவு செலவு. பார்த்த பாதிரியார்கள், ‘இது தேவாலயம் மாதிரியே இல்லையே’ என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். நொந்துபோன ரென், இனி யாருக்கும் மாதிரி காட்டுவதில்லை என்று முடிவெடுத்தாராம். ஆனால், பாதிரியார்களின் பக்கத்திலிருந்து பாருங்கள். வெறும் பிளானைக் காட்டியிருந்தால் அவர்களும் நம் அப்பத்தா மாதிரி, “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லியிருப்பார்கள்!

கம்ப்யூட்டர் படம் போதாதா?

இப்போதெல்லாம் இன்ஜினியர்களே ‘3டி எலிவேஷன்’ கொடுத்துவிடுகிறார்களே, அட்டையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் படம் வேகமானது, நிறம் மாற்றிக் காட்டும், உள்ளே நடந்து போவது போல வீடியோகூட வரும். வெளிப்பூச்சு, டைல்ஸ் நிறம் எல்லாம் முடிவுசெய்ய அதுதான் வசதி.

சிக்கல் என்னவென்றால், அது காட்ட நினைப்பதை மட்டும் காட்டும். வானம் எப்போதும் நீலம், வாசலில் எப்போதும் ஒரு வெளிநாட்டுக் கார், மின்கம்பியோ பக்கத்து வீட்டுச் சுவரோ இருக்காது. அகலக் கோணத்தில் எடுத்தால் பத்தடி அறையும் கல்யாண மண்டபமாகத் தெரியும். மவுஸ் ஒருவர் கையில் இருக்கும், மற்றவர்கள் அவர் காட்டுவதைப் பார்ப்பார்கள். அட்டை வீட்டையோ நாலு பேர் நாலு பக்கமும் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பார்க்கலாம். கை நீட்டி ஒரு சுவரைப் பிடுங்கலாம்.

ஆர்க்கிடெக்சர் கல்லூரிகள் இன்னமும் கத்தியையும் அட்டையையும் விடவில்லை. பி.ஆர்க் படிப்புக்கான ‘நாட்டா’ நுழைவுத் தேர்விலேயே, கொடுக்கும் பொருள்களை வைத்துக் கையால் முப்பரிமாண வடிவம் செய்துகாட்டும் பகுதி உண்டு. வீட்டில் அட்டை வெட்டிக் குப்பை போடும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

மொபைலுக்கு வேலை இருக்கிறது என்று சொன்னோமே, அது இதுதான். மொபைலைத் தலைகீழாகப் பிடித்து, கேமரா லென்ஸ் மாடலின் தரையிலிருந்து ஒன்றே கால் அங்குலம் உயரத்தில் இருக்கும்படி வாசல் பக்கம் வையுங்கள். அந்த உயரம், கால் அங்குலக் கணக்கில் 5 அடி. ஏறக்குறைய நம் கண் மட்டம். இப்போது ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தபோது பொம்மையாகத் தெரிந்தது, ஹாலாகத் தெரியும். சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே பாத்ரூம் கதவு திறப்பதும் தெரியும்! அந்த ஒரு போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் திருப்பூரில் இருக்கும் தம்பியும் துபாயில் இருக்கும் மாப்பிள்ளையும் கருத்துச் சொல்லிவிடுவார்கள். அது நல்லதா கெட்டதா என்பது அந்தந்தக் குடும்பத்தைப் பொறுத்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. கடைக்கால் எடுத்து, சுண்ணாம்புக் கோடு போட்ட மனையில் நின்றால் எந்த அறையும் தீப்பெட்டியாகத்தான் தெரியும். “இவ்வளவு சின்னதாவா இருக்கு?” என்று பதறி, அந்த நிமிஷத்தில் அறையை இழுத்துப் பெரிதாக்கச் சொல்பவர்கள் அநேகம். சுவர் எழும்பாத வெட்டவெளியில் கண் ஏமாறுகிறது. அன்றைக்கு அட்டை வீட்டையும் மனைக்கு எடுத்துப் போங்கள். மேஸ்திரி கையில் கொடுங்கள். கூரையை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அவர் அதைத் திறந்து படிக்கட்டைப் பார்த்துவிட்டு, “லேண்டிங்குக்குக் கீழ ஆள் நிக்க முடியாதுங்களே” என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது.